டூப்ளிகேட் என்று சொன்னவர்களுக்கு ஒரு பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் என்றைக்குச் சுருக்கமாகப் பேசினார் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு ஓட வேண்டாம். நான் கேள்வி கேட்பேன்.

மகள் வீட்டுக்கு விடுமுறைக்கு லண்டன் போயிருந்தபோது, தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் ஷேக்ஸ்பியர் குளோப் நாடக அரங்குக்குப் போனேன். மர வீடு போல, ஓலைக்கூரை போட்டு, வட்டமாக இருக்குமே, அதுதான். மாலையில் நாடகமும் பார்த்தேன். ஒரு போட்டோவைக் குடும்ப குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் போட்டேன். அதற்கு வந்த பதில்களில் மூன்று என்னைத் தூங்கவிடவில்லை.

முதலாவது, என் அண்ணன் மகன்: "அத்தை, அது 1997-ல கட்டினது. ஒரிஜினல் இல்ல, டூப்ளிகேட். இதுக்கா இவ்ளோ தூரம் போனீங்க?"

இரண்டாவது, என் நாத்தனார்: "மாப்பிள்ளை இவ்வளவு சம்பாதிக்கிறார், உங்களை மூணு மணி நேரம் நிக்க வச்சா நாடகம் பாக்க வச்சார்? உக்கார டிக்கெட் எடுக்கக் கூடாதா?"

மூன்றாவது, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து இன்று மேடைகளில் பேசும் ஒரு மாணவர்: "டீச்சர், நம்ம கூத்தையும் நாடகத்தையும் விட்டுட்டு வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கறீங்களே."

மூன்று பேருக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். கோபம் இருக்கிறது. அன்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணன் மகனுக்கு.

தம்பி, ஒரிஜினல் ஒரிஜினல் என்கிறாயே, எந்த ஒரிஜினல்? கதையைக் கேள். 1576-ல் ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் லண்டனின் வடக்கே ஷோர்டிச் என்ற இடத்தில் ஒரு நாடகக் கொட்டகை கட்டினார். அதற்குப் பெயரே 'தி தியேட்டர்'. அவர் தச்சு வேலை கற்று, பிறகு நடிகரானவர். நிலம் குத்தகை நிலம். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலக்காரர் புதுப்பித்துத் தரவில்லை. அதற்குள் பர்பேஜ் இறந்துபோனார். பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நிலம்தான் அவருடையது, மரம் எங்களுடையது என்று சொல்லி, 1598 டிசம்பர் கடைசியில், கடுங்குளிரில், பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அந்த மரங்களை நதிக்குத் தெற்கே கொண்டுபோய் 1599-ல் எழுப்பியதுதான் குளோப். ஷேக்ஸ்பியரும் அதில் ஒரு பங்குதாரர்.

ஆக, உன்னுடைய 'ஒரிஜினல்' குளோப்பே பழைய மரத்தில் கட்டியதுதான்.

அதுவாவது நிலைத்ததா? 1613 ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றி மன்னரைப் பற்றிய நாடகம் நடந்தது. மன்னர் வரும் காட்சிக்காகப் பீரங்கி வெடித்தார்கள். நெருப்புப் பொறி ஓலைக்கூரையில் விழுந்தது. கொட்டகை முழுதும் சாம்பல். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் மட்டும் தீப்பிடித்ததாம், கையில் இருந்த பீரை ஊற்றி அணைத்ததாக அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. அடுத்த ஆண்டே, 1614-ல், ஓடு வேய்ந்து மறுபடியும் கட்டினார்கள். 1642-ல் நாடாளுமன்றம் நாடகங்களுக்கே தடை போட்டது. அதன்பிறகு சில ஆண்டுகளில் அதையும் இடித்து, குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள்.

1576-ல் ஒன்று, 1599-ல் ஒன்று, 1614-ல் ஒன்று. இதில் எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்? நம் ஊரில் தேர் இத்துப்போனால் புதுத்தேர் செய்கிறோம். சக்கரம் புதிது, அச்சு புதிது, வடம் புதிது. அதை டூப்ளிகேட் தேர் என்று சொல்லி வடம் பிடிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாயா?

சரி, உனக்கு உண்மையான ஒரிஜினல்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1989-ல் பார்க் ஸ்ட்ரீட் என்ற தெருவில் அகழ்ந்தபோது பழைய குளோப்பின் அடித்தளத்தில் ஒரு சிறு பகுதி கிடைத்தது. மேலே பழைய கட்டடம் நிற்பதால் மீதியைத் தோண்ட முடியவில்லை. இன்றைய அரங்கிலிருந்து சுமார் 230 மீட்டர் தூரம்தான். நான் அங்கேயும் நடந்து போனேன். ஒரு கம்பி வேலி, சுவரில் ஒரு நினைவுப் பலகை, தரையில் வளைவாகப் பதித்த கல். ஐந்து நிமிடம் நின்றேன். கும்பிட்டேன். திரும்பிவிட்டேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை, அழவில்லை, கைதட்டவில்லை. உன் ஒரிஜினல் அதுதான். டிக்கெட்கூட இல்லை, போய்ப் பார்.

போலி என்றால் என்ன என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்று தான் இல்லாததாகத் தன்னைக் காட்டிக்கொண்டால் அது போலி. குளோப் அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை. எங்களிடம் பழைய வரைபடம் எதுவும் இல்லை, ஊகம்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்வான் என்ற இன்னொரு அரங்கைப் பார்த்து ஒரு டச்சுக்காரர் வரைந்த படம், ஹாலர் என்ற ஓவியர் வரைந்த லண்டன் நகரக் காட்சி, ஃபார்ச்சூன் அரங்கைக் கட்ட அதே தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டோடு எழுதிய ஒப்பந்தம், 1989-ல் தோண்டியபோது கிடைத்த அடித்தளங்கள். இவ்வளவுதான் ஆதாரம். இதை வைத்துக்கொண்டு 20 பக்கம் உள்ள வட்டமாக, பச்சை ஓக் மரத்தை மர ஆணி அடித்துப் பொருத்தி, ஆட்டு ரோமம் கலந்த சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டியிருக்கிறார்கள். 1666-ல் லண்டன் எரிந்ததே, அதற்குப் பிறகு அந்த நகரத்தில் அனுமதி கிடைத்த முதல் ஓலைக்கூரை இதுதான். கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தெரியும்படியே இருக்கின்றன. அவசர வழிகள் பழையதைவிட அதிகம். பழைய குளோப்பில் 3,000 பேர்வரை நெருக்கியடித்தார்கள் என்கிறார்கள், இப்போது ஏறக்குறைய 1,500 பேர்தான். இவ்வளவையும் மறைக்காமல் சொல்கிற கட்டடத்தைப் போலி என்று எப்படிச் சொல்வாய்?

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடையில் ஷேக்ஸ்பியர் முகத்தை எதில்தான் ஒட்டி விற்கவில்லை! பகலில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களில் பலர் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, நாடகமே பார்க்காமல் போகிறார்கள். அவர்களைப் பார்த்து, நீங்கள் பார்த்தது வெறும் மரம் என்று சொல்லத் தோன்றியது. மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

இனி நாத்தனாருக்கு. அண்ணி, கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாப்பிள்ளை பாவம், உட்காரும் இடம்தான் எடுக்கிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். குளோப்பில் நடுவில் கூரையில்லாத முற்றம். அதில் 700 பேர் நின்று பார்க்கலாம். நாற்காலி கிடையாது. தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான், குடை பிடிக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். நான் போனபோது நிற்கும் இடம் 5 பவுனிலிருந்து கிடைத்தது. சுற்றி மூன்று அடுக்கில் மாடங்கள், அங்கே பெஞ்சு, வாடகைக்குத் திண்டு. அதற்கு விலை பல மடங்கு.

அந்தக் காலத்தில் இந்த முற்றத்துக்கு ஒரு பென்னி. ஒரு கைத்தொழிலாளியின் ஒரு நாள் கூலி சுமார் 12 பென்னி. கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தால் ஒரு தச்சர், ஒரு தையல்காரர், கடையில் வேலை கற்கும் ஒரு பையன் எல்லாருமே ஷேக்ஸ்பியரின் புது நாடகத்தை மேடைக்கு மிக அருகில் நின்று பார்க்கலாம். பணக்காரர்கள் கூடுதல் காசு கொடுத்துத் தள்ளி மேலே உட்கார்ந்தார்கள்.

அண்ணி, இதற்குப் பெயர் என்ன? நம் ஊர் டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் என்போமே, அதேதான். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து நாம் இருவரும் படம் பார்த்ததை மறந்துவிட்டீர்களா? எந்தப் படத்தில் எங்கே விசில் அடிப்பது என்று தீர்மானித்தது பெஞ்சு டிக்கெட்டா, தரை டிக்கெட்டா?

சாம் வானமேக்கர் என்று ஓர் அமெரிக்க நடிகர். சிகாகோவில் பிறந்த தையல்காரர் மகன். 1949-ல் லண்டன் வந்து குளோப் எங்கே என்று தேடிப் போனார். ஒரு மதுபான ஆலையின் சுவரில் ஒரு பலகை மட்டும்தான் இருந்தது. உலகமே கொண்டாடும் எழுத்தாளருக்கு அவருடைய ஊரில் ஒரு கொட்டகை இல்லையே என்று மனம் பொறுக்காமல் 1970-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நிலத்துக்கு வழக்கு, பணத்துக்கு அலைச்சல், இது டிஸ்னிலாந்து வேலை என்று படித்தவர்களின் கேலி. (பார்த்தாயா தம்பி, டூப்ளிகேட் என்று முதலில் சொன்னது நீ இல்லை.) இருபது ஆண்டுக்கும் மேல் பாடுபட்டவர், 1993 டிசம்பரில் கட்டடம் முடியும் முன்பே இறந்துவிட்டார். 1997-ல் எலிசபெத் ராணி திறந்துவைத்ததை அவர் பார்க்கவில்லை.

அவ்வளவு கடன், அவ்வளவு செலவு. அந்த முற்றத்தில் 700 பேர் நிற்கிற இடத்தில் நாற்காலி போட்டு விற்றிருந்தால் எவ்வளவு வருமானம் வந்திருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். போடவில்லை. அங்கே நாற்காலி போட்டிருந்தால், தம்பி, அன்றைக்கு நானே உன்னோடு சேர்ந்து டூப்ளிகேட் என்று சொல்லியிருப்பேன். ஓக் மரத்தைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியும், காசு இருந்தால் போதும். தரை டிக்கெட்டைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். பாரம்பரியம் என்று சொல்லிப் பழையதைப் புதுப்பித்துவிட்டு, அன்று அங்கே நின்ற ஏழையை மட்டும் உள்ளே விடாமல் வாசலில் கயிறு கட்டுகிற இடங்களை எத்தனை பார்த்திருக்கிறோம். அவைதான் போலி.

நான் பார்த்தது 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'. அதில் ஒரு நெசவாளி, ஒரு தச்சர், ஒரு தையல்காரர், ஒரு ஈயம் பூசுகிறவர் என்று கைவேலைக்காரர்கள் சேர்ந்து அரசன் கல்யாணத்துக்கு நாடகம் போடுவார்கள். தப்பும் தவறுமாக நடிப்பார்கள். அரண்மனைக்காரர்கள் கேலி பேசுவார்கள். நானும் இந்தக் கதையைச் சுருக்கமாகப் படித்திருக்கிறேன், அது வெறும் சிரிப்புக் காட்சி என்றுதான் நினைத்திருந்தேன். முற்றத்தில் நின்றபோதுதான் புரிந்தது. அன்று அங்கே நின்று பார்த்தவர்களே நெசவாளிகளும் தச்சர்களும்தானே! அவர்களுக்கு எதிரிலேயே அவர்களை மேடையேற்றியிருக்கிறார். அந்த நெசவாளி மேடை விளிம்பில் வந்து எங்களைப் பார்த்துப் பேசினார். விளக்கை அணைக்கமாட்டார்கள், அதனால் நடிகருக்கு நம் முகம் தெரிகிறது. என் கண்ணைப் பார்த்து ஒரு வரி சொன்னார். பாதி இங்கிலீஷ் புரியவில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தேன். இடைவேளைக்குப் பிறகு தூறல் விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் மழைக்கோட்டின் ஒரு பக்கத்தை என் தலைமேல் பிடித்தார். முழங்கால் வலித்தது உண்மைதான் அண்ணி. இரவு தைலம் தேய்த்துக்கொண்டேன். மாடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் வலித்திருக்காது, இதுவும் கிடைத்திருக்காது.

மூன்றாவதாக, மேடைப் பேச்சாளர் மாணவருக்கு.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயன் ஷேக்ஸ்பியரைக் காட்டி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று நம்மைக் குனிய வைத்தான். அது உண்மை. ஆனால் நம் ஆட்கள் குனிந்தே இருக்கவில்லை. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' ஆக்கினார். கும்பிட்டு ஒதுங்கி நிற்காமல், எடுத்து நம்முடையதாக்கிக்கொண்டார்.

2012-ல் இதே குளோப்பில் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டார்கள். இந்தி வந்தது, குஜராத்தி வந்தது, வங்காளமும் உருதுவும் வந்தன. தமிழ் இல்லை. பம்மல் பிறந்த மொழி அந்த மேடையில் இல்லையே என்று வருத்தப்படு, உன்னோடு நானும் சேர்கிறேன். வெள்ளைக்காரன் கொட்டகை என்று ஒதுங்கிப்போவதில் என்ன வீரம்?

இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தை நான் அதிகம் மதித்ததில்லை. படித்தவள் என்ற திமிர். அந்த லண்டன் முற்றத்தில் நின்றபோதுதான், திறந்த வானம், வெளிச்சத்தில் தெரியும் கூட்டம், கூட்டத்தோடு நேருக்கு நேர் பேசும் நடிகர், எல்லாம் எங்கேயோ பார்த்தது போல இருந்தது. நம் பபூன் செய்வது இதைத்தானே! அவர்களுக்கு அது 1642-ல் அறுந்துபோனது. முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து ஊகித்து ஊகித்துத் திரும்பக் கட்டினார்கள். நமக்கு இன்னும் அறுந்துபோகவில்லை. அறுந்த பிறகு ஓக் மரம் வாங்குவதைவிட, இப்போது போய் முன்வரிசையில் உட்காருவது சுலபம். நீ கடைசியாக முழு இரவு நாடகம் பார்த்தது எந்த வருஷம்? மேடையில் பேசியதைக் கேட்கவில்லை, பார்த்ததைக் கேட்கிறேன்.

கடைசியாக எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று.

எட்டாம் வகுப்பில் ஷைலாக் கதை துணைப்பாடமாக வந்த வருஷம். நான் வழக்கம்போல வினா விடை எழுதிப் போட்டேன். "ஷைலாக் எவ்வகைப்பட்டவன்?" நான்கு வரி விடை. அத்தனை பேரும் மனப்பாடம். ஒரு மதிய இடைவேளையில் ஒரு பையன், ஸ்கேலைக் கத்தியாகச் செருப்பில் தீட்டிக்கொண்டு, பெஞ்சுமேல் ஏறி, ஷைலாக்காக நடித்துக்கொண்டிருந்தான். வகுப்பே கீழே நின்று பார்த்தது. யாரும் உட்காரவில்லை. நான் உள்ளே வந்தேன். பெஞ்சுமேல் ஏறியதற்கு அவனை மாலை மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வைத்தேன்.

அந்த அறையில் அன்றைக்கு ஒரு குளோப் இருந்தது. ஓக் மரமும் இல்லை, ஓலையும் இல்லை, எல்லாம் இருந்தது. நான்தான் அதை மூடினேன். 1642-ல் நாடாளுமன்றம் செய்ததை நான் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு செய்தேன். நான்கு வரி விடை அப்படியே மூலத்தில் இருப்பதுதான், ஒரு எழுத்து மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் அதில் ஷைலாக் இல்லை. அவன் ஸ்கேலில் இருந்தான். எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று முப்பத்துநான்கு வருஷம் பாடம் நடத்திய எனக்கே அன்று தெரியவில்லை. அதனால்தான் அண்ணன் மகன் அந்தச் சொல்லைச் சொன்னதும் இவ்வளவு சுருக்கென்று தைத்தது.

அந்தப் பையன் இந்தக் குரூப்பில் இருக்கிறான். பெயரைச் சொல்லமாட்டேன். இப்போது அவனுக்கே எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கலாம். தம்பி, நிற்பதைத் தண்டனையாக உனக்குக் கொடுத்தேன். நிற்பதற்குக் காசு கொடுத்து ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்து சொல்கிறேன்: தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். லண்டன் போகச் சொல்லவில்லை. இந்த வருஷத் திருவிழாவில் உங்கள் ஊரில் நாடகமோ கூத்தோ நடந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்காருங்கள். போனில் படம் எடுக்க வேண்டாம். விடியும்வரை இருங்கள். பார்த்ததைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். திருத்தி மதிப்பெண் போடுவேன்.

அண்ணன் மகனே, நீயும் எழுத வேண்டும். கூகுளைப் பார்த்து எழுதினால் பூஜ்யம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்